மெய்நிகர் இயந்திரங்களின் இன்கிரிமென்டல் பேக்கப்பைச் சோதிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒன்றிரண்டு சர்வர்களில் பத்து, இருபது மெய்நிகர் இயந்திரங்களை (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிகள் போல மென்பொருளால் இயங்குபவை) ஓட்டிக்கொண்டிருக்கும் சிறு, நடுத்தர அலுவலகங்களின் சிஸ்டம் நிர்வாகிகளுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் பட்டறையானாலும் தியாகராய நகரில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகமானாலும் கேட்கப்படுபவை ஏறக்குறைய இவையே. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும், லினக்ஸில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டவும் நிர்வகிக்கவும் உதவும் கே.வி.எம்., க்யூ-எமு, லிப்வர்ட் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. வேறு தளங்களைப் பயன்படுத்துவோருக்கு வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சொல்லப்பட்டுள்ளன.

இன்கிரிமென்டல் பேக்கப்பில் உண்மையில் என்ன நடக்கிறது?

மளிகைக் கடைப் பேரேட்டை மாதத் தொடக்கத்தில் ஒருமுறை முழுவதுமாகப் படியெடுத்துவிட்டு, அதன் பிறகு அன்றன்று எழுத்து விழுந்த பக்கங்களை மட்டும் படியெடுத்து அடுக்கி வைப்பதைப் போன்றது இது. எந்தப் பக்கத்தில் எழுத்து விழுந்தது என்பதைக் குறித்து வைக்க ஒரு சீட்டு வேண்டும் அல்லவா? க்யூ-எமுவில் அந்தச் சீட்டுக்குப் பிட்மேப் என்று பெயர். வட்டின் ஒவ்வொரு 64 கேபி பகுதிக்கும் அதில் ஒரு பிட் உண்டு. அந்தப் பகுதியில் ஒரே ஒரு பைட் மாறினாலும் பிட் 1 ஆகிவிடும், அடுத்த பேக்கப்பில் அந்த 64 கேபியும் முழுதாக நகலெடுக்கப்படும். ஒரு டிபி வட்டுக்குக்கூட இந்தப் பிட்மேப் 2 எம்பி இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கினாலும் பிட்மேப் அழியாமல், மெய்நிகர் வட்டைச் சேமிக்கும் க்யூகவ்2 கோப்பிலேயே தங்கும் வசதி 2017-இல் க்யூ-எமு 2.10 பதிப்பில் வந்தது. லிப்வர்ட் வழியாக இதை இயக்கும் 'பேக்கப்-பிகின்' கட்டளை 2020 ஜனவரியில் 6.0 பதிப்பில் வந்தது.

வி.எம்.வேரில் இதே வேலையை சி.பி.டி. (மாறிய பிளாக்குகளைக் கண்காணிக்கும் வசதி) செய்கிறது. விண்டோஸ் சர்வர் 2016 முதல் ஹைப்பர்-வியில் அதே போன்ற ஆர்.சி.டி. வசதி செய்கிறது. பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்: பேக்கப் மென்பொருள் வட்டை முழுதாகப் படிப்பதில்லை, சீட்டை நம்பி, சீட்டில் உள்ளதை மட்டும் படிக்கிறது.

மென்பொருள் தினமும் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று காட்டுகிறது. தனியாக ஏன் சோதிக்க வேண்டும்?

சீட்டில் உள்ளவை எல்லாம் நகலெடுக்கப்பட்டுவிட்டன என்பதற்கு மட்டுமே அந்தப் பச்சை நிறம் சாட்சி. சீட்டில் விடுபட்டுப்போன ஒரு வட்டுப் பகுதியை, அதாவது பிளாக்கைப் பற்றி மென்பொருளுக்கு எதுவும் தெரியாது, ஆகவே அதனால் புகார் சொல்லவும் முடியாது. முழு பேக்கப் கெட்டால் பெரும்பாலும் சத்தத்தோடு கெடும்: கோப்பு பாதியில் நிற்கும், இடம் போதாது என்று பிழை வரும். இன்கிரிமென்டல் கெடும்போது சத்தமே இருக்காது. மீட்டெடுத்த வட்டில் அந்த விடுபட்ட இடத்தில் போன வாரத்துப் பழைய பிளாக் அமைதியாக உட்கார்ந்திருக்கும். இயந்திரம் பூட் ஆகும், லாகின் திரையும் வரும். மூன்று மாதம் கழித்து ஒரு டேட்டாபேஸ் அட்டவணையைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இது கற்பனையான அச்சம் அன்று. சி.பி.டி. இயக்கப்பட்ட ஒரு வட்டை 128 ஜிபி எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கினால், மாறிய பகுதிகளின் பட்டியல் தவறாக வரக்கூடும் என்ற பிழையை வி.எம்.வேர் நிறுவனமே 2014-இல் வெளியிட்டது. அந்தப் பட்டியலை நம்பிய பேக்கப் மென்பொருள் எதுவாக இருந்தாலும், தன் பங்கைச் சரியாகச் செய்தபடியே தவறான நகலை எடுத்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் வட்டு நொடிக்கு நொடி மாறுகிறது. பேக்கப்பை எதனுடன் ஒப்பிடுவது?

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. பேக்கப் எடுத்து முடித்த பின், மூல வட்டின் செக்சம்மையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்) மீட்டெடுத்த வட்டின் செக்சம்மையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'பொருந்தவில்லையே' என்று பலர் திகைக்கிறார்கள். பொருந்தாதுதான், பேக்கப் தொடங்கிய கணத்துக்கும் செக்சம் எடுத்த கணத்துக்கும் இடையில் வட்டு மாறியிருக்கும். ஆகவே, ஒரு கணத்தை உறையவைத்து, அந்தக் கணத்தின் நிலையை இரண்டு வெவ்வேறு வழிகளில் எடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்.

நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். முதலில், 20 ஜிபி வட்டுள்ள ஒரு சோதனை இயந்திரத்தை அமைத்து, 'விர்ஷ் பேக்கப்-பிகின்' (விர்ஷ் என்பது லிப்வர்ட்டின் கட்டளைக் கருவி) மூலம் முழு பேக்கப்பை எடுக்க வேண்டும். அதே கட்டளையில் ஒரு செக்பாயின்ட்டையும் உருவாக்கச் சொன்னால் பிட்மேப் அந்தக் கணத்திலிருந்து கணக்குப் பார்க்கத் தொடங்கும். பிறகு இயந்திரத்துக்குள் சென்று வேண்டிய மாற்றங்களைச் செய்ய வேண்டும். அடுத்து 'விர்ஷ் சஸ்பெண்ட்' கொடுத்தால் இயந்திரம் அணையாமல் அப்படியே உறைந்து நிற்கும். வட்டுக்குப் போக வேண்டியவற்றைக் க்யூ-எமு அப்போது எழுதி முடித்துவிடும். அந்த நிலையிலேயே செக்பாயின்ட்டிலிருந்து இன்கிரிமென்டல் பேக்கப்பை எடுத்து, 'டாம்ஜாப்இன்ஃபோ'வில் வேலை முடிந்ததை உறுதிசெய்துகொண்டு, இயந்திரத்தை எழுப்புவதற்கு முன்பே மூல வட்டை 'க்யூ-எமு-இமேஜ் கன்வர்ட்' மூலம் தனியாக ஒரு முழு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். கோப்பு பூட்டப்பட்டிருப்பதாகப் பிழை வந்தால் பெரிய எழுத்து 'யு' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். உறைந்திருக்கும் வட்டில் மட்டும் அது பாதுகாப்பானது, ஓடும் வட்டில் ஒருபோதும் கூடாது. ஒப்பிடப் பயன்படும் இந்த நகல் பேக்கப் மென்பொருளின் வழியாக வராமல் நேரடியாகப் படிக்கப்படுவதால்தான் அதைச் சாட்சியாக ஏற்க முடிகிறது. இதன் பிறகு 'விர்ஷ் ரெசூம்' கொடுக்கலாம்.

கடைசியாக, இன்கிரிமென்டல் கோப்பு முழு பேக்கப்பைத் தன் பின்னணிக் கோப்பாகச் சுட்டும்படி 'ரீபேஸ்' கட்டளையைச் சிறிய எழுத்து 'யு' விருப்பத்துடன் கொடுத்துச் சங்கிலியைக் கட்டி, சங்கிலியின் நுனியையும் சாட்சி நகலையும் 'க்யூ-எமு-இமேஜ் கம்பேர்' கொண்டு ஒப்பிட வேண்டும். ஒன்றாக இருந்தால் அது 0 என்ற மதிப்பைத் திருப்பித் தரும், வேறுபட்டால் 1 தரும், அதற்கு மேற்பட்ட எண் வந்தால் ஒப்பீடே நடக்கவில்லை என்று பொருள். ஸ்கிரிப்ட் எழுதுவோர் 1-ஐயும் 2-ஐயும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'யு' விருப்பத்துடன் செய்யும் ரீபேஸ் கோப்பின் தலைப்பில் இருக்கும் பெயரை மட்டுமே மாற்றுகிறது. சுட்டப்படும் கோப்பு சரியானதுதானா என்று பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமை இன்கிரிமென்டலைத் திங்கள்கிழமைக் கோப்பின் மேல் வைக்காமல் நேராக ஞாயிற்றுக்கிழமை முழு பேக்கப்பின் மேல் வைத்துவிட்டாலும் அது முகம் சுளிக்காது.

க்யூகவ்2 கோப்புகளின் எஸ்.எச்.ஏ.-256 செக்சம்மை ஒப்பிட்டால் போதாதா?

போதாது. ஒரே உள்ளடக்கம் கொண்ட இரண்டு க்யூகவ்2 கோப்புகளில் கிளஸ்டர்கள் எனப்படும் தரவுத் துண்டுகள் வேறு வேறு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கலாம், எனவே கோப்பின் செக்சம் வேறுபடும். இரண்டையும், வட்டின் பைட்டுகளை அதே வரிசையில் வைத்திருக்கும் ரா வடிவத்துக்கு மாற்றிய பிறகு செக்சம் எடுத்தால் பொருந்தும். மேலும், ஒப்பிட்டு முடிப்பதற்கு முன் மீட்டெடுத்த வட்டை எங்கும் மவுண்ட் செய்யக் கூடாது: எக்ஸ்ட்4 கோப்பமைப்பைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்தாலும் அது ஜர்னலை (எழுதி முடிக்காத மாற்றங்களின் குறிப்பேட்டை) ஓட்டி வட்டில் எழுதிவிடும். பூட் செய்து பார்க்க விரும்பினால், மேலே, மாற்றங்களைத் தன்னிடமே வாங்கிக்கொள்ளும் ஒரு வெற்று ஓவர்லே கோப்பை வைத்து அதிலிருந்து பூட் செய்வது நல்லது.

இயந்திரத்துக்குள் என்னென்ன மாற்றங்களைச் செய்து பார்க்க வேண்டும்?

ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துவிட்டு 'சோதித்தாயிற்று' என்று எழுந்துவிடுவதுதான் வழக்கம். அது எந்த மென்பொருளும் தேறிவிடும் எளிய தேர்வு. தவறுகள் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு.

முதலாவது, அழித்தல். ஒரு கோப்பை அழித்து 'எஃப்எஸ்ட்ரிம்' (பயன்படாத இடத்தை வட்டுக்குத் தெரிவிக்கும் கட்டளை) கொடுத்தால் அந்தப் பிளாக்குகள் பூஜ்யமாகப் படிக்கப்படலாம். இன்கிரிமென்டல் கோப்பில் அந்த இடம் 'பூஜ்யம்' என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். 'இங்கே எதுவும் இல்லை' என்று வெற்றாக விடப்பட்டால், படிக்கும்போது கீழே இருக்கும் முழு பேக்கப்பின் பழைய தரவு ஓட்டை வழியாகத் தெரிவதுபோல் மேலே வந்துவிடும். க்யூகவ்2-இன் பழைய 0.10 வடிவத்தில் பூஜ்யக் கிளஸ்டர் என்ற குறியீடே கிடையாது. 1.1 வடிவத்தில்தான் உண்டு. பழைய சர்வர்களிலிருந்து கொண்டுவந்த வட்டுகள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, எல்லைகள். 64 கேபி எல்லையின் இருபுறமும் விழும்படி சில பைட்டுகளை எழுதிப் பார்க்க வேண்டும். வட்டின் கடைசி சில கேபிகளிலும் எழுதிப் பார்க்க வேண்டும், குறிப்பாக வட்டின் அளவு 64 கேபியின் மடங்காக இல்லாதபோது. இதற்குச் சோதனை இயந்திரத்தில் கோப்பமைப்பே இல்லாத இரண்டாவது வட்டு ஒன்றை இணைத்து, 'டிடி' கட்டளையால் நேரடியாக எழுதுவதே வசதி.

மூன்றாவது, வட்டைப் பெரிதாக்குதல். இரண்டு இன்கிரிமென்டல்களுக்கு நடுவே வட்டைப் பெரிதாக்கி, புதிதாகக் கிடைத்த இடத்தில் எழுதிவிட்டு அடுத்த பேக்கப்பை எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன 128 ஜிபி கதைக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதுதல். இயந்திரத்தை உறையவைக்கும் முறையில் இதைச் சோதிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு நான் வைத்திருக்கும் வழி எளியது: வரிசை எண்ணையும் நேரத்தையும் ஒரு கோப்பில் நொடிக்கு ஒருமுறை எழுதி, ஒவ்வொரு முறையும் 'எஃப்சிங்க்' செய்து அதை வட்டுக்கு அனுப்பும் சிறு நிரலை ஓடவிட்டு பேக்கப் எடுப்பேன். மீட்டெடுத்த பின் அந்தக் கோப்பில் பேக்கப் தொடங்கிய நேரத்துக்கு முந்தைய எண்கள் ஒன்றுகூட விடுபடாமல் இருக்க வேண்டும், பிந்தைய எண்கள் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஒப்பீடு பொருந்திவிட்டது. சோதனை சரியாக நடந்தது என்று எப்படி நம்புவது?

வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். சங்கிலியில் நடுவிலுள்ள ஓர் இன்கிரிமென்டலை விட்டுவிட்டுக் கட்டி ஒப்பிட்டால் வேறுபாடு வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால், ஒன்று உங்கள் ஸ்கிரிப்ட் ஒரே கோப்பை அதனுடனேயே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது நீங்கள் செய்த மாற்றங்கள் வட்டுக்குப் போகவே இல்லை. இரண்டாவது தவறை நானே செய்திருக்கிறேன்: இயந்திரத்துக்குள் கோப்புகளை எழுதிய கையோடு, 'சிங்க்' கொடுக்காமல் சஸ்பெண்ட் செய்துவிட்டேன். எழுதியவை எல்லாம் அந்த மெய்நிகர் இயந்திரத்தின் நினைவகத்திலேயே நின்றுவிட்டன. இன்கிரிமென்டல் கோப்பு சில நூறு கேபிதான் இருந்தது. அதைப் பார்த்து 'எவ்வளவு சிக்கனம்!' என்று மகிழ்ந்தும்விட்டேன்.

வேறுபாடு வந்தால் எங்கிருந்து தேடுவது?

கம்பேர் கட்டளை முதல் வேறுபாடு இருக்கும் ஆஃப்செட்டைச் சொல்லும். அதை 65,536-ஆல் வகுத்தால் பிட்மேப்பில் எத்தனையாவது பிட் என்பது கிடைக்கும். 'க்யூ-எமு-இமேஜ் மேப்' கட்டளையில் அந்த இடம் சங்கிலியின் எந்தக் கோப்பிலிருந்து படிக்கப்படுகிறது என்று பார்க்கலாம். முழு பேக்கப்பிலிருந்து படிக்கப்படுகிறது என்றால் இன்கிரிமென்டல் அதைத் தவறவிட்டிருக்கிறது. இன்கிரிமென்டலிலிருந்தே படிக்கப்பட்டும் தவறாக இருந்தால் நகலெடுத்த நேரத்திலோ சேமிப்பகத்திலோ சிக்கல் இருக்கிறது.

மின்வெட்டுக்குப் பிறகு அடுத்த இன்கிரிமென்டலை நம்பலாமா?

பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மின்சாரம் இருக்காது என்ற அறிவிப்பைப் பார்க்காமல் விட்டு, யு.பி.எஸ். பாட்டரியும் இரண்டு மணி நேரத்தில் கைவிட்ட அனுபவம் இந்த ஊரில் பலருக்கும் இருக்கும். க்யூ-எமு, வட்டை எழுதுவதற்காகத் திறக்கும்போது பிட்மேப்பின் மேல் 'பயன்பாட்டில் உள்ளது' என்ற குறியை இடுகிறது. முறையாக மூடும்போது புதிய நிலையை எழுதிவிட்டுக் குறியை எடுக்கிறது. திடீரென்று மின்சாரம் போனால் குறி அப்படியே நிற்கும். அடுத்த முறை திறக்கும்போது அந்தப் பிட்மேப் சீரற்றது என்று ஒதுக்கப்படும். அதை நீக்க மட்டுமே முடியும், அதை வைத்து இன்கிரிமென்டல் எடுக்க முடியாது. இது சரியான நடத்தை. பேக்கப் மென்பொருள் அதன் பிறகு என்ன செய்கிறது என்பதையே நீங்கள் சோதிக்க வேண்டும். தானாக முழு பேக்கப்புக்கு மாறுகிறதா, பிழை சொல்லி நிற்கிறதா, அந்தப் பிழை யாருடைய மின்னஞ்சலுக்குப் போகிறது?

சோதிப்பது எளிது. சோதனை இயந்திரத்தின் க்யூ-எமு செயலியைக் 'கில் -9' கொண்டு கொன்றுவிட்டு, மீண்டும் தொடங்கி, பேக்கப்பை ஓடவிடுங்கள். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் இப்படிச் செய்து பார்த்தபோது, அவர்களே எழுதியிருந்த ஸ்கிரிப்ட், கெட்ட பிட்மேப்பை நீக்கி, அதே பெயரில் வெற்றுப் பிட்மேப்பை உருவாக்கி, அடுத்த இன்கிரிமென்டலை எடுத்து, 'வெற்றி' என்றது. இடைப்பட்ட மாற்றங்கள் முழுவதும் காணாமல் போயின. எழுதியவர் கெட்டிக்காரர்தான்; பிழைச் செய்தி வரக் கூடாது என்பதில் மட்டும் அவர் கவனமாக இருந்திருக்கிறார்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற பேக்கப் மென்பொருளில் 'வெரிஃபை' வேலை ஓடுகிறது. அது போதுமா?

சேமிக்கப்பட்ட துண்டுகள் சேமித்தபடியே கெடாமல் இருக்கின்றனவா என்பதை வெரிஃபை செக்சம் பார்த்துச் சொல்கிறது. வட்டு கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்க அது மிக நல்ல கருவி. ஆனால் சேமித்தது சரியான துண்டுதானா என்பது அதன் கேள்வி அன்று. அங்கே மெய்நிகர் வட்டு 4 எம்பி துண்டுகளாக வெட்டப்படுகிறது. பிட்மேப் இயந்திரம் ஓடும்வரைதான் நிலைக்கும். இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கினால் அடுத்த பேக்கப்பில் வட்டு முழுவதும் படிக்கப்படும், மாறிய துண்டுகள் மட்டுமே அனுப்பப்படும். நேரம் பிடிக்கிறது என்று இதைக் குறைசொல்வோர் உண்டு. எனக்கு இது ஒரு வரமாகவே படுகிறது: முன்பு ஏதாவது விடுபட்டிருந்தால் அந்த முழு வாசிப்பில் அது சரியாகிவிடும்.

சங்கிலி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

தினமும் ஓர் இன்கிரிமென்டல் என்று 30 நாள் போனால், 30-ஆம் நாள் நிலையை மீட்க 31 கோப்புகளும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். வாரம் ஒரு முழு பேக்கப், அதன் மேல் ஆறு இன்கிரிமென்டல் என்பது என் தேர்வு. எப்போதும் முழுச் சங்கிலியின் நுனியிலிருந்தே மீட்டெடுத்துச் சோதியுங்கள், முதல் கண்ணியோடு நிறுத்திவிட வேண்டாம். பழையவற்றை 'கமிட்' மூலம் ஒன்றாக்குவோர், ஒன்றாக்குவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும்.

டேட்டாபேஸ் ஓடும் இயந்திரத்துக்குத் தனியாக ஏதேனும் சோதனை உண்டா?

உண்டு. பிளாக் அளவில் எல்லாம் பொருந்தினாலும் அது திடீரென்று மின்சாரம் போன கணத்தில் இருக்கும் நிலையைப் போன்றதுதான். கெஸ்ட் ஏஜென்ட் (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் உதவி நிரல்) நிறுவப்பட்டிருந்தால் பேக்கப் தொடங்கும் முன் கோப்பமைப்பை ஒரு கணம் உறையவைக்கலாம், விண்டோஸில் அதன் ஸ்னாப்ஷாட் சேவையான வி.எஸ்.எஸ். டேட்டாபேஸுக்கும் தகவல் சொல்லும். ஏஜென்ட் நிறுவப்பட்டும் ஓடாமல் கிடப்பது மிகச் சாதாரணம், அதை முதலில் பாருங்கள். டேட்டா ஒரு வட்டிலும் டிரான்ஸாக்ஷன் லாக் மற்றொரு வட்டிலும் இருந்தால், இரண்டும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டனவா என்பது முக்கியம். ஒரே பேக்கப் கட்டளையில் இரண்டு வட்டுகளையும் சேர்த்தால்தான் அது நடக்கும். மீட்டெடுத்த பின் டேட்டாபேஸின் சொந்தச் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, கடைசி ரசீது எண்ணையும் நேரத்தையும் கண்ணால் பார்ப்பது என் வழக்கம்.

மீட்டெடுத்த இயந்திரத்தை எங்கே பூட் செய்வது?

அலுவலக நெட்வொர்க்குடன் எந்தத் தொடர்பும் இல்லாத தனி பிரிட்ஜில் (மெய்நிகர் நெட்வொர்க்கில்) மட்டுமே. மீட்டெடுத்த இயந்திரத்துக்குத் தான் நகல் என்பது தெரியாது, அதே ஐ.பி. முகவரியோடு எழும், நேரம் குறித்து வைத்த கிரான் வேலைகளை ஓட்டும். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் அப்படி எழுந்த இயந்திரம் போன மாத இன்வாய்ஸ்களை வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் மறுபடியும் அனுப்பிவைத்தது. சோதனைக்கென்று புது சர்வர் வாங்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஒரு டெஸ்க்டாப்பும் ரிச்சி தெருவில் வாங்கிய ஓர் எஸ்.எஸ்.டி.யும் போதும்.

எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது?

500 ஜிபி வட்டை ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் இழுக்க, நொடிக்கு 110 எம்பி என்று வைத்தால்கூட ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எல்லா இயந்திரங்களையும் ஒரே நாளில் செய்ய முயல்பவர்கள் இரண்டாவது மாதமே கைவிட்டுவிடுகிறார்கள். வாரம் ஓர் இயந்திரம் என்று சுழற்சியில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஹைப்பர்வைசரையோ பேக்கப் மென்பொருளையோ புதுப்பித்த பிறகு மட்டும், மேலே சொன்ன உறையவைக்கும் சோதனையை முறை வரும்வரை காத்திருக்காமல் அன்றே செய்ய வேண்டும். கணக்கு மென்பொருள் ஓடும் இயந்திரத்துக்கு முன்னுரிமை கொடுங்கள்: 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட கம்பெனிகள் கணக்கு விதிகளின்படி, நிறுவனங்கள் மின்னணு முறையில் பேணும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும்.

எந்த நகலிலிருந்து சோதிப்பது?

சர்வருக்கு அருகிலேயே இருக்கும் நகலிலிருந்து எல்லோரும் சோதிக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் வேகமாக வரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்தில் இருந்தவை நனைந்தன என்பதால், ஊருக்கு வெளியே வைத்திருக்கும் நகலிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறையாவது, ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும். இன்கிரிமென்டல்கள் மட்டும் ஒழுங்காக வெளியூருக்குப் போய்க்கொண்டிருக்க, அவற்றின் அடியில் இருக்க வேண்டிய முழு பேக்கப் ஒருமுறை பாதியில் நின்றுபோனது அப்போதுதான் தெரியவரும். அந்தக் கோப்பை மறையாக்கம் செய்திருந்தால், அதன் சாவி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். மூழ்கிய சர்வருக்குள்ளேயே இருந்தால் பயனில்லை.

சோதனைப் பதிவேட்டில் என்ன எழுதுவது?

தேதி, இயந்திரத்தின் பெயர், சங்கிலியில் எத்தனை கோப்புகள், ஒப்பீட்டு விடை 0-வா 1-ஆ, செய்தவர் பெயர். இவற்றோடு, மீட்டெடுக்கும் கட்டளையைக் கொடுத்த நேரத்தையும் லாகின் திரை வந்த நேரத்தையும் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். முதலாளி 'சர்வர் எப்போது வரும்?' என்று கேட்கும்போது உங்களிடம் இருக்கும் ஒரே நேர்மையான பதில் இந்த இரண்டு நேரங்களின் வித்தியாசம்தான்.